நான் வைத்த மௌன விரதம்

என் கணவர் வாய் ஓயாத மனிதர். செம்பனை எண்ணெய் ஆலையில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது பென்ஷன்காரர்களுக்குத்தான் தெரியும். எங்கள் ஊர் கூலாயில் எல்லாருக்கும் அவரைத் தெரிந்தது கோயில் மைக்கால். திருவிழா என்றால் மைக் அவர் கையில்தான். "நீலச் சட்டை போட்ட தம்பி, உங்கம்மா அன்னதான வரிசையில நிக்கிறாங்க. அவங்களுக்குச் சாப்பாடு முக்கியம், உங்களுக்கு அம்மா முக்கியம், ஓடி வாங்க" என்பார். கூட்டமே சிரிக்கும். எனக்கு மட்டும் எரிச்சலாக வரும், ஏனென்றால் வீட்டிலும் அதே மைக்தான். காலையில் பல் விளக்கும்போதே ஆரம்பித்துவிடுவார்.

அந்த வாய்தான் முதலில் காட்டிக்கொடுத்தது. ஒரு பங்குனி உத்திரத்தன்று, வாசலை மறித்து நின்ற ஒரு காரை எடுக்கச் சொல்லி அறிவித்தார். கார்க்காரர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். இவர் மறுபடியும் அறிவித்தார். மறுபடியும். பையன்கள், "அங்கிளுக்கு டேப் மாட்டிக்கிச்சுலா" என்று சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். வயசாகிறது, வேறென்ன என்று நினைத்தேன்.

பிறகு ஒரு நாள், உலு திராமில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்குப் பலகாரம் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். அரை மணி நேரப் பாதை. மாலை வரை ஆளைக் காணோம். கடைசியில் சிகாமட்டிலிருந்து ஒரு போலீஸ்காரர் கூப்பிட்டார். ஹைவேயில் வடக்கே திரும்பி, பிறந்த ஊருக்கே போயிருக்கிறார். அவர் பிறந்த வீடு இருந்த இடத்தில் இப்போது டயர் கடை இருக்கிறதாம். அந்தக் கடைக்குள் போய், "எங்கம்மா எங்க?" என்று கேட்டிருக்கிறார். பலகாரம் காரிலேயே ஊசிப்போயிருந்தது.

ஜோகூர் பாருவில் டாக்டர் டிமென்ஷியா என்றார். தமிழர்தான், சின்ன வயசு. "மறதி நோய் ஆன்ட்டி. சாதாரண மறதி இல்ல. மூளையே கொஞ்சம் கொஞ்சமா சுருங்குது. மருந்து இருக்கு, ஆனா நிறுத்த முடியாது, மெதுவாக்கத்தான் முடியும்" என்று பொறுமையாகச் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். காரில் ஏறியதும் மகளிடம் நான் சொன்ன முதல் வார்த்தை, "யாருகிட்டயும் சொல்லாத" என்பதுதான்.

எனக்கு நோயைவிட அதன் பெயர்தான் பயமாக இருந்தது. மலாய்க்காரர்கள் இதை ஞாஞுக், கிழட்டுப் பித்து என்பார்கள். நம் ஆட்கள் இன்னும் மோசம். மண்டை கழன்றுவிட்டது என்பார்கள், யாரோ செய்துவிட்டார்கள் என்பார்கள், பரம்பரையிலேயே இருக்கும் என்பார்கள். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? நானே சொல்லியிருக்கிறேன். எங்கள் தாமான் குடியிருப்பில் ஒரு கிழவர் கைலி அவிழ்ந்தது தெரியாமல் தெருவில் நடந்தபோது, பக்கத்து வீட்டுக்காரியோடு நின்று வாயைப் பொத்திச் சிரித்தவள் நான்.

அந்தச் சமயத்தில்தான் மகளுக்குச் சம்பந்தம் கூடி வந்தது. எங்களுக்கு ஒரே மகள். சிங்கப்பூரில் வேலை. தினமும் விடியுமுன் பஸ் ஏறிப் பாலத்தைக் கடந்து போய்வந்து, அலுத்துப்போய் அங்கேயே அறை எடுத்துத் தங்கிவிட்டாள். கூட வேலை செய்கிற பையனைப் பிடித்திருந்தது. அவர்கள் சிலோன் தமிழர்கள். தலைமுறை தலைமுறையாக அரசாங்க உத்தியோகம், வீடு நிறையப் படித்தவர்கள். மாப்பிள்ளையின் அம்மா பேசினால் ஒரு சொல் சிந்தாது. நானோ எஸ்டேட்டில் பிறந்து, பாலர் பள்ளியில் ஆசிரியையாக ஆனவள். அவர்கள் முன்னால் உட்கார்ந்தால் புடவை மடிப்பைச் சரிபார்த்துக்கொண்டே இருப்பேன்.

"அப்பாவோட நெலமைய அவங்க வீட்டுல சொல்லிடலாம்மா" என்றாள் மகள்.

"சொல்லு. சொல்லிட்டு, வேற மாப்பிள்ளையையும் நீயே பாத்துக்க."

"அவங்க அப்படிப்பட்டவங்க இல்லம்மா."

"எல்லாரும் அப்படிப்பட்டவங்கதான். உங்கப்பனுக்கு வந்தது நாளைக்கு உனக்கும் வருமானு கேப்பாங்க. உன் பிள்ளைக்கும் வருமானு கேப்பாங்க. நிச்சயம் முடியட்டும். அதுவரைக்கும் யாராச்சும் வாயத் தொறந்தீங்க, நான் அன்னிக்கு மண்டபத்துக்கே வரமாட்டேன்."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். என் குணம் அவளுக்குத் தெரியும்.

ஆனால் இன்னொரு வாய் இருக்கிறதே! வருகிறவர்களிடமெல்லாம் இவர், "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டார். பதில் சொன்னால், "அவ்வளவுதானா?" என்றார். செத்துப்போன தன் அம்மா சாப்பிட்டாளா என்று என்னைக் கேட்டார், ஒரு நாளில் எத்தனை தடவை என்று கணக்கே இல்லை. ஒரு மாலை நான் சமையற்கட்டில் இருக்கும்போது போன் அடித்தது, இவர் எடுத்துவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா. நான் ஓடிப்போய்ப் பிடுங்குவதற்குள், "கல்யாணமா? எங்க வீட்டுல கல்யாண வயசுல யாரும் இல்லீங்களே. பொண்ணு ஸ்கூலுக்குப் போயிருக்கு" என்று சொல்லிவிட்டார்.

போனைப் பிடுங்கிக்கொண்டேன். "அவருக்கு எப்பவும் விளையாட்டுப் பேச்சுங்க" என்று சிரித்து மழுப்பினேன். அந்தம்மா சிரிக்கவில்லை. "நிச்சயத்தண்டு அவரோட ஆற அமர இருந்து கதைக்க வேணும்" என்றார். அப்போது என் வாயிலிருந்து தானாக வந்தது அந்தப் பொய்.

"அன்னிக்குப் பேசமாட்டாருங்க. நாளையிலேருந்து தைப்பூசம் வரைக்கும் மௌன விரதம் எடுக்கிறாரு. மக கல்யாணத்துக்கு வேண்டிக்கிட்டது."

அந்தம்மாவின் குரலே மாறிவிட்டது. "ஐயோ, எவ்வளவு பக்தி! கேக்கவே மெய் சிலிர்க்குது" என்றார்.

போனை வைத்துவிட்டு நான் முருகன் படத்தைப் பார்க்கவில்லை. சாமி பெயரில் பொய் சொன்னால் வாய் வெந்துபோகும் என்று பாலர் பள்ளியில் பிள்ளைகளை மிரட்டியவள் நான்தான். ஆனால் அதைவிட, அட, நல்ல யோசனையாக இருக்கிறதே என்ற சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது. தை மாதத்தில் இந்த நாட்டில் யார் விரதத்தைச் சந்தேகப்படுவார்கள்?

பொய் சொல்வது சுலபம். அவரை அதற்குப் பழக்குவதுதான் பாடு. நிச்சயத்துக்கு இன்னும் சில நாட்கள்தான் இருந்தன. மாப்பிள்ளை வீட்டார் அவரை அடிக்கடி பார்க்க வரக்கூடும். முதலில் சொல்லிப் பார்த்தேன். "நீங்க மௌன விரதம், சரியா? யார் கேட்டாலும் பேசக்கூடாது." "சரி" என்றார். உடனே, "எதுக்கு விரதம்?" என்றார். வாயில் விரல் வைத்துக் காட்டினேன். அவரும் விரல் வைத்துக்கொண்டார், விரலுக்குப் பின்னாலிருந்து, "அம்மா சாப்ட்டாங்களா?" என்றார். வேறொருத்தி என்றால் சிரித்திருப்பாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இருபது வருடத்துக்கு மேல் பாலர் வகுப்பில் குப்பை கொட்டியவள் நான். கத்தாமல், பிரம்பு எடுக்காமல், ஒரு வகுப்பை எப்படி அடக்குவது என்று எனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் பெற்றோர்களே, "கண்ணை மட்டும் விட்டுட்டு மத்ததை உரிச்சிடுங்க டீச்சர்" என்பார்கள். பிள்ளை பேசினால் பக்கத்தில் போய் நின்று, சிரித்த முகத்தோடு, முழங்கைக்கு மேலே உள்பக்கத்துச் சதையை விரல் நுனியால் பிடித்துத் திருக வேண்டும். யாருக்கும் தெரியாது. பிள்ளைக்கு மட்டும் தெரியும்.

அதைத்தான் செய்தேன். எனக்குத் தாலி கட்டிக் கூட்டி வந்த மனிதரை, கோயில் மைக்கைப் பிடித்தால் ஊரே நின்று கேட்ட மனிதரை, வாய் திறக்கும்போதெல்லாம் கிள்ளினேன்.

முதல் நாள், "ஏன்டி கிள்ளுற?" என்று கோபமாகக் கேட்டார். அதற்கும் கிள்ளினேன். மறுநாள், "வலிக்குது" என்றார். அதற்கும். அதற்கடுத்த நாட்களில் கேள்வி நின்றுவிட்டது. வாய் திறக்கப் போவார், என் கையைப் பார்ப்பார், மூடிக்கொள்வார். பரவாயில்லையே, மறதி நோய் என்கிறார்கள், இதை மட்டும் நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்கிறாரே என்று எனக்கு ஆச்சரியம். கை உள்பக்கம் கன்றிப் போயிருந்தது. முழுக்கை ஜிப்பா தைக்கக் கொடுத்தேன். மகள் சனி ஞாயிறு வந்தபோது, "அப்பா ஏன் இப்படி அமைதியா இருக்காரு?" என்று கேட்டாள். "சொல்லி வச்சிருக்கேன், கேட்டுக்கிட்டாரு" என்றேன்.

நிச்சயத்தன்று காலை கோயில் மண்டபத்தில் அவர் உட்கார்ந்திருந்த அழகு இருக்கிறதே! பட்டு வேட்டி, ஜிப்பா, நெற்றி நிறைய விபூதி. நிமிர்ந்து, வாய் மூடி, கையைக் கட்டிக்கொண்டு. மாப்பிள்ளையின் அப்பா வந்ததும் இவரைக் குனிந்து கும்பிட்டார். "மௌனம் எண்டுறது லேசான விஷயமில்லை" என்று தன் உறவுக்காரர்களிடம் சொன்னார். பெண்கள் பிள்ளைகளைக் கூட்டி வந்து விபூதி வைத்துக்கொண்டார்கள். இவர் கையை உயர்த்தி ஒவ்வொரு நெற்றியிலும் பூசினார். பேசாமல் பூசினார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வெட்கம் கெட்டவள், நானே அந்தப் பொய்யை நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

விரதக்காரர் என்பதால் யாரும் அவருக்குப் பலகாரம் கொடுக்கவில்லை. பால் கொடுத்தார்கள். ஒருவர் கொடுத்து முடித்ததும் இன்னொருவர் இளநீர் கொண்டுவந்தார். மாப்பிள்ளையின் அம்மா தன் கையாலேயே இன்னொரு தம்ளர் பால் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல வாய் வேண்டுமே. கொடுத்ததையெல்லாம் குடித்தார்.

நான் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது கூட்டத்துக்கு மேலாக அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்த இடத்தில் நெளிந்தார். பாதி எழுந்தார். வாய் லேசாகத் திறந்தது. ஐயோ, ஆரம்பிக்கப் போகிறார், எல்லார் முன்னாலும் அம்மா சாப்பிட்டாளா என்று கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். கண்ணை உருட்டினேன். தட்டுக்கு மேலே கையைத் தூக்கி, கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்துக் காட்டினேன். அவர் உட்கார்ந்துவிட்டார். தப்பித்தேன் என்று பெருமூச்சு விட்டேன்.

பூசாரி தட்டு மாற்றக் கூப்பிட்டார். இரண்டு தகப்பன்மாரும் எழுந்து எதிரெதிரே நின்றார்கள். மாப்பிள்ளையின் அப்பா தட்டை நீட்டினார். இவர் நீட்டவில்லை. தட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் முன்வரிசையில் யாரோ ஒரு பிள்ளை, "அம்மா, தாத்தா ஒன்னுக்குப் போறாரு" என்று கத்தியது.

பட்டு வேட்டி முன்பக்கம் முழுக்க நனைந்து, கால் வழியாக ஓடி, விரிப்பில் பரவியது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தேன். கண்ணில் நீர் கொட்டியது. உதடு நடுங்கியது. ஆனால் வாய் திறக்கவில்லை. அந்த நேரத்திலும் திறக்கவில்லை.

நான் அசையவில்லை. இதை எழுதும்போதுகூட முகம் எரிகிறது. பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்று நின்றேனே தவிர, அவரிடம் போகவில்லை. மகள்தான் மணையிலிருந்து எழுந்தாள். அலங்காரப் புடவையோடு வந்து, தட்டை அவர் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கப்பாவுக்கு டிமென்ஷியா. விரதம் எல்லாம் இல்ல. மன்னிச்சிருங்க" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். பிறகு அவரிடம், "வாங்கப்பா, மாத்திக்கலாம்" என்று கழிவறைப் பக்கம் கூட்டிப்போனாள். மாப்பிள்ளையும் கூடவே போனான். போகிற வழியில் என் பக்கத்தில் நின்று, "எனக்கு முன்னாடியே தெரியும் ஆன்ட்டி. அவ மொதல்லயே சொல்லிட்டா" என்றான்.

மாப்பிள்ளையின் அம்மா என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். "நோய் எண்டு சொல்லியிருந்தா, நான் இவ்வளவு பால் குடுத்திருப்பனோ?" என்றார். அவ்வளவுதான். தட்டு மாற்றுவதை நிறுத்தவும் இல்லை. இவர் வேட்டி மாற்றி வரும்வரை எல்லாரும் காத்திருந்தார்கள். நான் அத்தனை பாடுபட்டுக் காப்பாற்ற நினைத்த சம்பந்தம், காப்பாற்ற வேண்டிய அவசியமே இல்லாமல் நிலைத்தது.

கல்யாணமும் நல்லபடியாக முடிந்தது. கல்யாணத்தில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டிலும் பேசவில்லை. தைப்பூசம் போய் எத்தனையோ மாதம் ஆகிவிட்டது. பசித்தால் தட்டைப் பார்ப்பார், தூக்கம் வந்தால் அறைக்குப் போய்விடுவார். நான் எதிரே உட்கார்ந்து, "பேசுங்க, ஏதாச்சும் பேசுங்க, சம்பளம் எவ்வளவுனாவது கேளுங்க" என்று கெஞ்சினாலும் என் கையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார். தலை வாரிவிடக் கையைக் கொண்டுபோனால் முழங்கையை உடம்போடு ஒட்டிக்கொள்வார்.

டாக்டரிடம் போனபோது, "பேச்சு சுத்தமா நின்னு போச்சு டாக்டர்" என்றேன். "இந்த நோய்ல பேச்சும் போகும் ஆன்ட்டி" என்றார். எனக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? நோய்தான் செய்கிறது, நான் இல்லை. எழுந்திருக்கும்போது டாக்டர் சொன்னார்: "பேசாட்டியும் அவர்கூட அன்பா இருங்க. நடந்தது அவங்களுக்கு மறந்துடும். ஆனா அப்ப மனசுல என்ன இருந்துச்சோ, அது தங்கிடும். பயந்திருந்தா எதுக்குப் பயந்தோம்னு தெரியாமலே பயந்துக்கிட்டு இருப்பாங்க." நான் சரி என்று சொல்லிவிட்டு, மருந்து வாங்கும் இடம் எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

வந்தவர்கள் கேட்டபோதெல்லாம் நோய் முற்றிப் பேச்சு போய்விட்டது என்றே சொன்னேன். இப்போது நோயை மறைப்பதில்லை, பாருங்கள். நோய் எனக்கு வசதியாகப் போய்விட்டது.

போன சனிக்கிழமை மகள் வந்திருந்தாள். மத்தியானம் நன்றாக மழை. நான் அவர்கள் இருவருக்கும் மைலோ கலக்கிக்கொண்டு அறைப்பக்கம் போனேன். கதவு பாதி திறந்திருந்தது. அவர் கட்டிலில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மகள் எதிரே நாற்காலியில்.

அப்போது ஒரு குரல் கேட்டது. கரகரத்து, தேய்ந்து, ஆனால் அதே குரல். கோயில் மைக்கில் கேட்ட குரல்.

"அந்தம்மா போயிட்டாங்களா?"

மகள் அப்படியே திகைத்துப் போனாள். பிறகு மெதுவாக, "எந்த அம்மாப்பா?" என்று கேட்டாள்.

"அதான், இங்க இருக்காங்களே. சத்தம் போட்டுப் பேசாத. பேசினா கிள்ளுவாங்க." சட்டைக் கையை மேலே தள்ளி, முழங்கைக்கு மேல் உள்பக்கத்தைத் தடவிக் காட்டினார். அங்கே இப்போது ஒரு தழும்பும் இல்லை. ஆனால் இடம் தப்பவில்லை.

மகள் நிமிர்ந்தாள். வாசலில் தட்டோடு நின்ற என்னைப் பார்த்தாள். விரதப் பொய்யை மன்னித்தவள், மண்டபத்தில் நான் அசையாமல் நின்றதை மன்னித்தவள். இது அவளுக்குத் தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது. நான் இல்லை என்று சொல்லவில்லை. அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை, மைலோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு தலையை மட்டும் அசைத்தேன். போய்விட்டேன் என்று சொல், என்று.

"போயிட்டாங்கப்பா" என்றாள் மகள். "நீங்க பேசுங்க."

"நெசமாவா?" என்று கேட்டுவிட்டு அவர் பேச ஆரம்பித்தார். எதை எதையோ பேசினார், ஆலையைப் பற்றி, மழையைப் பற்றி, சிகாமட்டில் ஆறு ஏறுவதைப் பற்றி. நான் கதவுக்கு இந்தப் பக்கம், என் வீட்டிலேயே, மூச்சுச் சத்தம்கூட அவருக்குக் கேட்டுவிடக் கூடாது என்று பயந்தபடி நின்று, அத்தனையையும் கேட்டேன்.